வன்னியில் மூளை ஆய்வுக்கு வழியுண்டா?

2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. ஆயினும் வன்னிப் பெருநிலப்பரப்பில் மருத்துவ பீடம் கிடையாது. 1978 இல் ஆரம்பமான யாழ்ப்பாண மருத்துவ பீடத்தையே நாட வேண்டியுள்ளது. இந்நிலையில், மூளையையும் நரம்பு மண்டலத்தையும் ஆராய விரும்பும் பட்டப்பின்படிப்பு மாணவருக்கு இங்கு என்ன வழி என்பதை நோக்குவது அவசியமாகின்றது.

நரம்பியல் விஞ்ஞானம் என்றதும் பெரும் ஆய்வுகூடங்களே நினைவுக்கு வருகின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மனித மூளைத் திசு வங்கி இயங்குகின்றது. கருவிலுள்ள சிசுக்களின் மூளையைக் கலங்கள் தெரியுமளவுக்கு நுணுக்கமாகப் படமாக்கி, சென்னை ஐ.ஐ.டி. 2024 இல் வெளியிட்டது. அத்தகைய வசதிகளை வவுனியாவில் உடனடியாக எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

ஆனால், கருவியை வைத்திருப்பவரே ஆய்வு செய்யலாம் என்ற நிலை இன்று மாறிவிட்டது. அமெரிக்காவின் 'ஹியூமன் கனெக்டோம்' திட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆய்வாளருக்குத் திறந்துவிட்டுள்ளது. அவற்றைப் பகுப்பாய்வு செய்யக் கணினியறிவும் புள்ளிவிபரவியலும் தேவை. வவுனியாவின் பிரயோக விஞ்ஞான பீடம் கணினியையும் கணிதத்தையும் கற்பிக்கின்றது. ஆற்றல்மிக்க கணினிகளும், வழிகாட்டும் பேராசிரியரும் கிடைத்தால் இத்துறையில் காலடி வைக்கலாம்.

எனினும், அந்நியத் தரவுகள் நம் மண்ணின் வினாக்களுக்கு விடை தரமாட்டா. 2009 இல் முடிவுற்ற போர் வன்னி மக்களில் ஏற்படுத்திய கூட்டு உளவடு குறித்துப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்களின் உளநலம் பற்றிய ஆய்வு 2013 இல் வெளிவந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அனுபவித்த இழப்பு, உறக்கத்தையும் நினைவாற்றலையும் எவ்வளவு காலம் பாதிக்கின்றது என்பதை, மக்களின் மொழியறிந்த மாணவரே நுட்பமாக ஆராய முடியும்.

அதேவேளை, துயருற்ற மக்கள் வெறும் ஆய்வுப் பொருளாகிவிடலாகாது. அவர்களின் சம்மதம், ஒழுக்கநெறிக் குழுவின் அங்கீகாரம், உதவி தேவைப்படுவோருக்குச் சிகிச்சை ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

எனவே, வவுனியாப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாண மருத்துவ பீடமும் மாணவரைக் கூட்டாக வழிநடத்த முன்வர வேண்டும். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. கருவியுடன் கூடிய சிறு ஆய்வுகூடம் முதற்படியாக அமையட்டும். மாபெரும் கட்டடங்களுக்காகக் காத்திருந்தால், சாட்சியம் கூற வேண்டிய தலைமுறையே மறைந்துவிடும்.