மீத்தேன் கிணறுகளும் நிலத்தடி நீரும்

நிலக்கரிப் படுகை மீத்தேன் என்பது பூமிக்கடியில் உள்ள நிலக்கரி அடுக்குகளில் ஒட்டியிருக்கும் எரிவாயு. காவிரிப் படுகையில் மன்னார்குடியைச் சுற்றிப் பழுப்பு நிலக்கரி பரவிக் கிடக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் சுமார் 690 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்த வாயுவை எடுக்க, 2010ஆம் ஆண்டு கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துடன் மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது.

இதில் விவசாயிகள் அஞ்சியது விபத்துக்கு மட்டுமல்ல, வாயுவை எடுக்கும் முறைக்கே. நிலக்கரியில் மீத்தேனைப் பிடித்து வைத்திருப்பது அங்குள்ள நீரின் அழுத்தம். கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் அழுத்தம் குறைந்து வாயு பொங்குகிறதே, ஏறக்குறைய அப்படித்தான் இதுவும். அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் நிலக்கரி அடுக்கிலுள்ள நீரை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், இறைத்து வெளியேற்ற வேண்டும். நீர் போனால்தான் வாயு வரும்.

அப்படி இறைத்த நீர் பெரும்பாலும் உப்பு நீர். அதை வாய்க்காலில் விட்டால் வயல் கெடும். ஆழத்தில் நீர்மட்டம் இறங்கினால், மேலடுக்கிலுள்ள நல்ல நீரும் கீழே கசிய இடமுண்டு. கடலோரமாகையால் உவர்நீர் உள்ளே புகும் ஆபத்தும் இருக்கிறது. கிணற்றைச் சுற்றி இரும்புக் குழாயும் சிமெண்டுப் பூச்சும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் நல்ல நீருக்கும் கெட்ட நீருக்கும் நடுவே அந்தப் பூச்சுதான் காவல். அது எத்தனை தலைமுறை தாங்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இத்திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகச் சென்று பேசினார். அந்தப் பயணத்திலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2015இல் தமிழக அரசு திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. 2017இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் எழுந்தது.

2020 பிப்ரவரியில் சேலம் மாவட்டம் தலைவாசலில் நடந்த அரசு விழாவில், டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகும் என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அதே மாதம் சட்டமும் வந்தது. புதிதாக எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றுக்குக் கிணறு தோண்டுவதை அது தடுக்கிறது. ஏற்கெனவே இயங்கிவந்த கிணறுகளைத் தொடவில்லை. அறிவிப்பில் இருந்த திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் சட்டத்தில் விடுபட்டன. பூமிக்கடியில் மாவட்ட எல்லைக் கல் ஏது?

அமெரிக்காவில் டெலாவேர் ஆற்றுப் படுகை ஆணையம் வேறு வழியில் சென்றது. பாறையை நீரழுத்தத்தால் உடைத்து வாயு எடுப்பதை 2021 பிப்ரவரியில் ஆற்றுப் படுகை முழுவதற்கும் தடை செய்தது. அங்கே வாயு இருப்பது மேட்டுப் பகுதியில். நியூயார்க் நகரக் குடிநீரில் ஏறத்தாழ பாதி அந்த மலைகளிலிருந்துதான் வருகிறது.

காவிரியில் நிலைமை தலைகீழ். வாயு டெல்டாவின் படிவுப் பாறையில் இருக்கிறது. அயோத்தியாப்பட்டணத்தின் அடியில் இருப்பதோ சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறை. அதில் எரிவாயு கிடையாது, ஆகவே இங்கே யாரும் மீத்தேன் கிணறு தோண்டப் போவதில்லை. ஆனால் வடக்கே தெரியும் சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மலைச்சரிவில் சிதைந்த பாறையிலும் விரிசல்களிலும் ஊறும் மழைநீர்தான் எங்கள் ஊர்க் கிணறுகளுக்கும் ஆதாரம். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையின் உச்சியில் முன்பு பாக்சைட் வெட்டினார்கள். உச்சியில் மண்ணும் மரமும் போனால் மழை ஊறாமல் ஓடிவிடும். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லை சேலம், நாமக்கல் மாவட்டங்களை எட்டவில்லை.