மாட்டு மருந்து நாய்க்கு ஆகுமா?

மாணவர்களே, கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் மாடு வளர்க்கும் வீடுகளில் நாயும் பூனையும் இருப்பது வழக்கம். மாட்டுக்கு வாங்கிய புழு மருந்து மிச்சமிருந்தால், நாய்க்கும் கொஞ்சம் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாட்டுக்கு ஊசியாகப் போடும் ஐவர்மெக்டின் மருந்து பெரும்பாலும் 1 விழுக்காடு செறிவுடையது. அதாவது, 1 மில்லிலிட்டரில் 10,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். கொசு பரப்பும் இதயப்புழுவைத் தடுக்க, நாய்க்கு மாதம் ஒருமுறை தேவைப்படுவதோ கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 60 மைக்ரோகிராம் போதும். அதற்கு மாட்டு மருந்தில் 1 மில்லிலிட்டர் கொடுத்தால், தேவையைப் போல் 166 மடங்குக்கும் மேல் ஆகிவிடும்!

ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான். அதைக் கண்டுபிடித்த வில்லியம் கேம்பல், சத்தோஷி ஓமுரா இருவரும் 2015ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அது புழுக்களின் நரம்பையும் தசையையும் முடக்குகிறது. நாயின் மூளைக்குள் அது நுழையாதபடி ஒரு புரதம் காவல் நின்று வெளியே தள்ளுகிறது. அளவு மிஞ்சினால் அந்தக் காவல் தாங்காது. நாய் தள்ளாடும், நடுங்கும், நினைவிழக்கும். கோலி இன நாய்கள் பலவற்றில் அந்தப் புரதத்துக்கான மரபணுவே பழுதாகியிருக்கிறது. மற்ற நாய்கள் தாங்கும் அளவுகூட அவற்றின் உயிரைப் பறிக்கலாம்.

பூனையின் சிக்கல் வேறு. நாயின் உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான நொதியின் திறன் மிகக் குறைவு. அதனால் நஞ்சு உடலில் தங்கி, நடுக்கமும் வலிப்பும் வரும். மருந்து விட்ட நாயோடு உரசிப் படுத்தாலே பூனைக்கு ஆபத்துதான். மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்து வையுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• முதலில் எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பிறகு உங்கள் எடையை மட்டும் கழியுங்கள்.

• மருந்து எந்த விலங்குக்கு, எத்தனை கிலோவுக்கு என்று உறையில் படியுங்கள்.

• இதயப்புழு மருந்தைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை தேவை. புழு ஏற்கெனவே இருந்தால், மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம்.

• தவறி நாய் மருந்து பூனைமேல் பட்டால், பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, மருந்து உறையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.