சிறைக்குள் கட்டிய ராக்கி

1995 பிப்ரவரி 25. மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரிலிருந்து இந்தூருக்குப் போன பேருந்தில், அருட்சகோதரி ராணி மரியாவைச் சமுந்தர் சிங் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார். உடலெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். கேரளத்திலிருந்து போன அந்தக் கன்னியாஸ்திரி செய்த ‘குற்றம்’, ஏழை விவசாயிகளுக்கு வங்கிக் கடனும் அரசு உதவியும் கிடைக்க வழிசெய்ததுதான். வட்டிக்கு விட்டுப் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. அவர்கள் தூண்டிவிட்டார்கள், கத்தி பிடித்தவருக்கு ஆயுள் தண்டனை.

2002 ரக்ஷாபந்தன் சமயத்தில் ராணி மரியாவின் தங்கை செல்மி பால் இந்தூர் சிறைக்குப் போனார். அவரும் அதே பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைக் கன்னியாஸ்திரி. அக்காளைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டி, சகோதரன் ஆக்கிக்கொண்டார். வடநாட்டு விவசாயி ஒருவருக்கு விளக்கவுரை இல்லாமலே புரியக்கூடிய சடங்கு அது. எந்தப் பிரசங்கத்தையும்விடப் பொருத்தமான தேர்வு என்பேன்.

பிரசங்கங்களில் இந்த ராக்கியோடு கதை முடிந்துவிடுகிறது. நடுவில் கழிந்த ஏழு வருஷத்தை யாரும் பேசுவதில்லை. தூண்டிவிட்டுக் கைகழுவியவர்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று சமுந்தரும் சிறைக்குள் கறுவிக்கொண்டிருந்தார். சுவாமி சதானந்த் என்ற குருவானவர் அவரைத் தேடிப் போய்ப் பேசினார். இரண்டு பக்கமும் போய்வர அப்படி ஓர் ஆள் இல்லாதிருந்தால், செல்மி அந்தச் சிறை வாசலுக்கு வந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

நம் பங்குகளில் குறைவது அந்த ஆள்தான். வரப்புத் தகராறில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பி, ஒரே திருப்பலிக்கு வருவார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கும்பிடுவார்கள். “மன்னிச்சிட்டேன் சாமி, ஆனா அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்பார்கள். சாமியாரும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

மன்னிப்பு என்றால் வழக்கை வாபஸ் வாங்குவது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ராக்கி கட்டிய பிறகும் சமுந்தர் சிறையில்தான் இருந்தார். அவரை விடுவிக்கும்படி கேட்டவர்களில் கொலையுண்டவரின் குடும்பமும் உண்டு. 2006-இல் விடுதலையானவர், மறு வருஷம் கேரளத்தின் புல்லுவழிக்குப் போய் ராணி மரியாவின் பெற்றோரைப் பார்த்தார். மகளைக் குத்திய அந்தக் கைகளை அம்மா எலீஸ்வா முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட விழாவுக்குச் சமுந்தர் சிங்கும் வந்திருந்தார்.