அம்பாரமா, பாத்தியா? பள்ளித் தகவலை எங்கே வைப்பது

ஏப்ரல் மாதத்தில் உப்பள வேலையை ஒரு நாள் விடுவது என்றால் என்னவென்று மரக்காணம் பக்கம் பணியாற்றும் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும். மழைக்காலத்தில் கூலி கிடையாது. அப்படிப்பட்ட ஒரு நாளில், ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய் இரண்டாவது முறையாகப் பள்ளி வாசலில் வந்து நின்றார். காலில் உப்புநீர் காய்ந்த வெள்ளை இன்னும் போகவில்லை.

“பேங்குல கேட்டா பணம் ஏறலைன்றாங்க சார். இன்னும் எத்தினி வாட்டி சார் வர்றது?”

ஊக்கத்தொகைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவர் மகளின் பெயருக்கு நேராக வேறொரு குழந்தையின் வங்கிக் கணக்கு எண் இருந்தது. அடுத்த வரியும் அப்படியே. காரணம் நான்தான். சில வாரங்களுக்கு முன் கூகுள் ஷீட்டில் பெயர்களை அகர வரிசைப்படுத்தினேன். பெயர் இருந்த ஒரு பத்தியை மட்டும் தேர்வு செய்து வரிசைப்படுத்தியதால், பெயர்கள் இடம் மாறின. கணக்கு எண்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று பட்டியல் திரும்பி வந்திருந்ததையும் நான் கவனிக்கவில்லை. அந்தத் தாய் இழந்த இரண்டு நாள் கூலிக்கு என்னிடம் பதில் இல்லை.

கோப்பு மெனுவில் உள்ள ‘பதிப்பு வரலாறு’ காப்பாற்றியது. வரிசைப்படுத்துவதற்கு முந்தைய நிலையை எடுத்து, அதற்குப் பின் செய்த திருத்தங்களை மீண்டும் போட்டேன். அன்று இரவு எனக்குள் எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை: எந்தத் தகவலை எதில் வைக்க வேண்டும்?

எங்கள் பள்ளித் தகவல்கள் இணையத்துக்குப் போனதற்கு நிவர் புயல் காரணம். 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி அது புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கொரோனாவால் பள்ளி மூடியிருந்த நேரம். போய்ப் பார்த்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பழைய பதிவேடுகள் நனைந்து ஊறியிருந்தன. உப்புக்காற்றில் பீரோவே துருப்பிடிக்கும் ஊர் இது. காய வைத்துப் பிரிக்க முடிந்த பக்கங்களையெல்லாம் கைபேசியில் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றினோம். அது சரியான முடிவு. அதன் பிறகு எல்லாவற்றையும் அதே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியதுதான் தவறு.

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு எளிதில் விளங்கும். வாரிய உப்பைக் கரையில் அம்பாரமாகக் குவித்து மூடி வைக்கிறார்கள். பத்திரமாக இருக்கும். ஆனால் அம்பாரத்தைப் பார்த்து ‘எட்டாவது பாத்தி உப்பு எங்கே?’ என்று கேட்க முடியாது. பாத்தியோ அப்படியல்ல. வரப்பு உண்டு, அளவு உண்டு, நீர் வரும் வழி உண்டு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற மேகச் சேமிப்புகள் அம்பாரம். கோப்பை முழுதாக வாங்கி முழுதாகத் திருப்பித் தரும். உள்ளே இருக்கும் தகவல்களுக்கு இடையிலான உறவு அதற்குத் தெரியாது. வரப்புள்ள பாத்திதான் தரவுத்தளம்.

அம்பாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இலவசமாகக் கூகுள் தருவது 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. கூகுளின் 15 ஜிபி டிரைவுக்கு மட்டுமல்ல, ஜிமெயிலுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான். 3 எம்பி படம் என்றால் சுமார் 5,000 படங்கள். தாராளம்போலத் தெரியும். ஆண்டு விழாக் காணொலி நிமிடத்துக்கு 100 எம்பியைத் தாண்டும்போது அது தாராளமில்லை. இடம் நிரம்பினால் அந்தக் கணக்குக்கு மின்னஞ்சலே வராது. அலுவலகக் கடிதம் வரும் கணக்கில் விழாக் காணொலியை ஏற்றாதீர்கள். அதற்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: கணினியோடு ஒத்திசைவில் இருக்கும் கோப்புறை காப்புப் பிரதி ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். கோடை விடுமுறை அதைவிட நீளம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கோப்பு யாருடையது என்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். ஓர் ஆசிரியர் தன் சொந்தக் கணக்கில் தொடங்கிய கோப்பு, அவர் பணிமாறுதல் பெற்றாலும் ஓய்வு பெற்றாலும் அவருடையதாகவே இருக்கும். பள்ளி பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, கடவுச்சொல்லைத் தலைமையாசிரியர் பொறுப்பில் வைப்பதும், பொறுப்பு கைமாறும்போது மீட்பு எண்ணையும் மாற்றுவதும் நல்லது. இரண்டு ஆண்டுகள் எவரும் நுழையாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கக்கூடும்.

இனி ஷீட்டுக்கு வருவோம். அது அம்பாரத்துக்கும் பாத்திக்கும் நடுவில் நிற்பது. கட்டங்கள் இருக்கின்றன, வரப்பு இல்லை. ஒரு கோடி கட்டம் வரை தாங்கும். நம் பள்ளிகளுக்கு அது கடல். ஆனால் ‘இந்த வரி முழுவதும் ஒரே குழந்தையைப் பற்றியது’ என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் நான் செய்த தவறை அது தடுக்கவில்லை. மற்றொரு வில்லங்கம் கணக்கு எண்களில் உண்டு. அவற்றை ஷீட்டும் எக்செலும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். முன்னால் உள்ள பூஜ்யங்கள் மறையும். 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் கிடையாது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். தட்டச்சு செய்யும் முன்பே அந்தப் பத்தியை ‘எளிய உரை’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். பெயர், எண் பத்திகளைப் பூட்டி வையுங்கள். வரிசைப்படுத்தும்போது ஒரு பத்தியை அல்ல, முழுத் தாளையும் வரிசைப்படுத்துங்கள். ஒரு வகுப்பின் மதிப்பெண், வாசிப்புத் திறன் கணக்கு, காலைச் சிற்றுண்டி எண்ணிக்கை போன்றவற்றுக்கு இவ்வளவே போதும்.

தரவுத்தளம் எங்கே தேவை? நாம் தினமும் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்: எமிஸ். சர்வர் சுற்றும்போது அதைத் திட்டாத ஆசிரியர் இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஓர் எண். பெயர் மாறலாம், இன்ஷியல் மாறலாம், அந்த எண் மாறாது. வருகை, மதிப்பெண், நலத்திட்டம் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்குகின்றன. எட்கர் காட் என்ற கணினி அறிஞர் 1970இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் கருத்து இதன் அடிப்படை: தகவல்களை அட்டவணைகளாகப் பிரி, பொது எண்ணால் இணை. தாயின் கைபேசி எண் ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். என் ஷீட்டுகளில் அது நான்கு இடத்தில் இருந்தது, நான்கும் நான்கு விதம்.

குழந்தை மாற்றுச் சான்றிதழ் பெறும்போது அதன் பதிவு பொதுத் தொகுப்புக்குப் போகிறது; புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. நகலெடுப்பதில்லை, இடம் பெயர்கிறது. வேலை தேடி இடம் மாறும் குடும்பங்கள் அதிகமுள்ள இந்தக் கரையில் இந்த ஒரு வசதி பெரிது.

நாமே ஒரு தரவுத்தளம் அமைக்க வேண்டுமா? கணினி ஆர்வமுள்ள இளம் ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் போன்றவற்றை மேகத்தில் வாடகைக்கு எடுத்தால், யாரும் பயன்படுத்தாத இரவிலும் மீட்டர் ஓடும். ஃபயர்ஸ்டோரில் இலவச அளவு உண்டு: 1 ஜிபி இடம், நாளுக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து. இணையம் இல்லாதபோதும் கைபேசியில் பதிந்து, சிக்னல் வந்ததும் அனுப்பும். நூலகப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க ஒரு செயலி செய்யலாம். மாணவர்களோடு சேர்ந்து செய்தால் நல்ல பாடமும்கூட. ஆனால் எமிஸில் ஏற்கெனவே இருப்பதை நாம் இன்னொரு தரவுத்தளமாகக் கட்டுவது வீண்வேலை என்பது என் கருத்து. இரண்டு உண்மைகள் உருவாகும். எது சரி என்று தேடுவதே வேலையாகிவிடும்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். மதிப்பெண் சான்றிதழைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருப்பதைவிட டிஜிலாக்கரில் பெறுவது மேல். 2015இல் வந்த சேவை அது. நாம் ஏற்றிய படத்துக்கும், வாரியமே அதில் வழங்கும் ஆவணத்துக்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்கே மூலச் சான்றிதழுக்கு இணையான மதிப்பு.

என் பழைய ஷீட்டைச் சரிசெய்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று அது திறந்தே கிடந்தது. அவசரத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்ட இணைப்பு. அதில் பெயர், கைபேசி எண், கணக்கு எண், ஆதார் எல்லாம். 2023ஆம் ஆண்டு தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கருதி, அவர்கள் தரவுக்குத் தனிக் கவனம் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், யாரோ ஒருவர் அந்த எண்களைக் கொண்டு உப்பளத்தில் நிற்கும் ஒரு தாயை அழைத்து ஓடிபி கேட்டால்? அன்றே இணைப்பை மூடினேன். ஆதார் பத்தியை நீக்கினேன். பதிப்பு வரலாற்றில் அது இன்னும் இருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. தேவையானதை மட்டும் புதிய ஷீட்டில் எடுத்துக்கொண்டு, பழையதை முழுவதுமாக அழித்தேன்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி விழுப்புரம் மாவட்டத்தையே மூழ்கடித்தபோது மின்சாரம் இல்லை, சிக்னலும் இல்லை. மேகத்தில் எல்லாம் பத்திரமாக இருந்தது, எங்களால்தான் அதைத் தொட முடியவில்லை. பெற்றோரின் எண்கள் என் சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு தாளில் இருந்தன. இப்போது மாதம் ஒருமுறை அந்தத் தாளைப் புதிதாக அச்செடுக்கிறேன். ஷீட்டின் பிரதி ஒன்று கடவுச்சொல் போட்ட பென்டிரைவில், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது.