வண்டியடியில் எண்ணெய்ச் சொட்டு: ஃபில்டர்தானா என்று பாருங்கள்

வணிகப் பெருமக்களில் பலர் இன்று சொந்தமாகக் காரோ சிறிய லோடு வண்டியோ வைத்திருக்கிறோம். அது ஒருநாள் ஓடாவிட்டால் கொள்முதலும் நின்றுபோகும், வாடிக்கையாளருக்குச் சொன்ன வாக்கும் தவறிப்போகும். ஆனாலும் வண்டி நின்ற இடத்தில் நாலு சொட்டு எண்ணெய் கிடந்தால், "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

ஆயில் ஃபில்டர் கசிவு அப்படித் தள்ளிப்போடக் கூடியதல்ல. எஞ்சின் ஓடும்போது பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு ஃபில்டர் வழியாகத்தான் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. நின்ற இடத்தில் சொட்டும் கசிவு, வேகமாக ஓடும்போது பீறிட்டு அடிக்கலாம். எண்ணெய் வற்றினால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். ஃபில்டருக்குச் சில நூறு ரூபாய். எஞ்சின் வேலைக்குப் பல ஆயிரம்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது

எண்ணெய் டின் ஒழுகினால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் துடைத்துவிட்டு, எங்கே ஈரம் ஊறுகிறது என்று பார்க்கிறோம். இங்கேயும் அதே முறைதான். எஞ்சின் ஆறியபின் ஃபில்டரையும் சுற்றுப்புறத்தையும் துணியால் நன்றாகத் துடையுங்கள். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, கடையில் கிடக்கும் காலி அட்டைப்பெட்டியை விரித்து அடியில் போடுங்கள். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஆகவே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறாக இருக்கலாம். ஃபில்டர் எஞ்சினோடு பொருந்தும் விளிம்பில் புது ஈரம் இருந்தால் கோளாறு அங்கேதான். விளிம்பு காய்ந்திருந்து மேலே ஈரமிருந்தால் டாப்பட் கவரையோ ஆயில் பிரஷர் சுவிட்சையோ பார்க்க வேண்டும். சம்ப்பின் அடியில் மட்டும் ஈரமென்றால் டிரெயின் நட்டின் வாசரைச் சந்தேகிக்கலாம். இதைப் பார்க்காமல் ஃபில்டரை மாற்றினால் காசுதான் வீண்.

ஏன் கசிகிறது?

1. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியதைப் பூட்டியிருப்பது. ஃபில்டர் மாற்றிய உடனே பெருங்கசிவு கண்டால் முதலில் இதைப் பாருங்கள்.
2. ஃபில்டர் தளர்வாக இருப்பது, அல்லது ஸ்பேனர் போட்டு அளவுக்கு மீறி இறுக்கியதால் ரப்பர் நசுங்கியிருப்பது.
3. மரை கோணலாக ஏறியிருப்பது.
4. வண்டிக்குப் பொருந்தாத ஃபில்டர் அல்லது போலிச் சரக்கு. மரை ஒன்றாக இருந்தாலும் ரப்பர் வளையத்தின் அளவு மாறியிருக்கலாம்.

சரிசெய்வது

எஞ்சினை நிறுத்தி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அடியில் பாத்திரம் வைத்து ஃபில்டரைக் கழற்றுங்கள். ரப்பர் வளையம் அதனுடன் வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். பொருந்தும் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, புது வளையத்தில் புது எஞ்சின் ஆயிலை விரலால் தடவிக் கையால் சுற்றிப் பூட்டுங்கள். ரப்பர் தொட்டபின் பெரும்பாலும் முக்கால் சுற்றுப் போதும். ஃபில்டரில் அச்சிட்டிருக்கும் அளவே முடிவானது. பிறகு எஞ்சினை ஓட்டி விளிம்பைக் கவனியுங்கள். நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் அளவு பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் வளையம் பிதுங்கிக் கசிந்தால், எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு சிக்கியிருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வண்டியை உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "கடை வரை போய்விடலாம்" என்று ஓட்டுவதில்தான் எஞ்சின் போகிறது.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். ஃபில்டரைப் பில் கேட்டு வாங்குங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கணக்கு நோட்டில் எழுதுங்கள். சரக்கு இருப்பைப் பார்ப்பதுபோல் வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கையும் பார்த்துவிட்டால் பெருஞ்செலவு நம் பக்கம் வராது.