ஒரே கேபிளில் படமும் மின்சாரமும்

யூஎஸ்பி-சி மானிட்டரை லேப்டாப்போடு இணைக்க ஒரு கேபிள் போதும். படம் லேப்டாப்பிலிருந்து போகிறது. மானிட்டர் சார்ஜ் தரும் வகையாக இருந்தால் அதே கேபிளில் மின்சாரம் எதிர்த்திசையில் வருகிறது. மானிட்டரின் பின்னால் செருகிய கீபோர்டும் மவுஸும்கூட அந்த வழியிலேயே வேலை செய்கின்றன.

2014இல் வந்த இந்த இணைப்பில் 24 பின்கள், வரிசைக்கு 12. எப்படிப் புரட்டிச் செருகினாலும் பொருந்தும். ஆனால் செருகியவுடன் படம் பாய்ந்துவிடாது. எந்தப் பக்கம் மேலே இருக்கிறது, மின்சாரம் தருவது யார், எத்தனை வாட், படம் அனுப்ப வழியுண்டா என்று இரு கருவிகளும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. பதில் ஒத்துப்போன பிறகே அதிவேக ஒயர் ஜோடிகள் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலுக்குத் திருப்பிவிடப்படும். இதற்கு ஆல்ட் மோட் என்று பெயர்.

திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தால் மானிட்டரைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பார்க்க வேண்டும். போனோடு வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் அந்த அதிவேக ஜோடிகளே கிடையாது. முனை அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப் சார்ஜ் ஏறும், படம் மட்டும் வராது. மானிட்டர் பெட்டியில் வந்த கேபிளைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து லேப்டாப்பின் போர்ட். பக்கத்தில் மின்னல் குறியோ, டி, பி எழுத்துகள் பின்னிய குறியோ இருந்தால் பெரும்பாலும் படம் வரும். குறியே இல்லாமல் வேலை செய்யும் போர்ட்டுகளும் உண்டு என்பதால், வாங்கும் முன் அந்த மாடலின் விவரப் பட்டியலைப் பார்த்துவிடுவதே உறுதியான வழி. ஆல்ட் மோட் இல்லாத லேப்டாப்புக்கு எச்டிஎம்ஐ இருக்கிறது; டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்கும் இருக்கிறது, அதற்கு டிரைவர் நிறுவ வேண்டும்.

வாட் கணக்கும் முக்கியம். 65 வாட் தரும் மானிட்டர் சாதாரண லேப்டாப்புக்குப் போதும். கேம் ஆடும் லேப்டாப்புக்குப் பற்றாது. கனமான வேலையின்போது பேட்டரி கரையும். 60 வாட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். பையில் எடுத்துப்போகும் சிறிய மானிட்டர்களில் நிலைமை தலைகீழ்: அவை லேப்டாப்பின் பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கும்.

4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸிலேயே நின்று, மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தால், பெரும்பாலும் நான்கு ஜோடிகளில் இரண்டுதான் படத்துக்குக் கிடைத்திருக்கின்றன. மற்ற இரண்டும் மானிட்டரின் யூஎஸ்பி போர்ட்டுகளுக்குப் போய்விட்டன. சில மானிட்டர்களின் மெனுவில் இதை மாற்றலாம். மாற்றினால் 60 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் மானிட்டரில் செருகிய பென்டிரைவ் மெதுவாகும்.