சிவப்புக் காரின் ரசிகர்கள்

ஃபெராரி அணியின் சொந்த ஊர் இத்தாலியின் மரனெல்லோ. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஃபெராரி ஜெயித்தால், அந்த ஊர் தேவாலயத்தில் மணி அடிப்பார்கள்.

2007-இல் கிமி ரைக்கோனன் வென்றதோடு சரி. அதன்பின் ஃபெராரி ஓட்டுநர் எவருக்கும் உலகப் பட்டம் கிட்டவில்லை. அதனால்தான் 7 முறை சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் 2025-இல் அணியில் சேர்ந்தபோது ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஜனவரி 22 அன்று, ஊரை ஒட்டிய ஃபியோரானோ சோதனைத் தடத்தில் அவர் முதன்முதலாகச் சிவப்புக் காரை ஓட்டினார். நல்ல குளிர், மூடுபனி வேறு. அப்படியும் வேலிக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. இப்படிப்பட்ட பற்று வேறெந்த அணிக்கும் வாய்க்குமா!

மார்ச்சில் மெல்போர்னில் முதல் பந்தயம்: ஹாமில்டனுக்கு 10-ஆவது இடம். அடுத்த வாரம் ஷாங்காயில் குறும்பந்தயத்தில் முதலிடம்! மறுநாளே, காரின் அடிப்பலகை அனுமதித்த அளவைவிடத் தேய்ந்திருந்ததால், பிரதானப் பந்தயமான கிராண்ட் பிரீயில் தகுதிநீக்கம். அந்த சீசன் முழுக்க ஒரு கிராண்ட் பிரீயிலும் ஃபெராரி வெல்லவில்லை. ஆனாலும் செப்டம்பரில் இத்தாலிய கிராண்ட் பிரீ நடந்த மான்ஸாவுக்கு ரசிகர்கள் சிவப்புக் கொடிகளோடு திரண்டு வந்தார்கள்.